உதைபந்தாட்ட முகவர்

தரகு என்னும் தொழில் பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதி மக்களுக்குப் புதியதன்று. கல்யாணத் தரகர் உண்டு; காணித் தரகர் உண்டு; வீட்டை வாடகைக்குப் பேசிக் கொடுப்பவரும் உண்டு. இவர்களுள் எவரையும் பற்றி நல்ல வார்த்தை சொல்லுவார் குறைவு. எனினும் அவர்களின்றிக் காரியம் நடத்துவாரும் குறைவு. ‘ஏஜென்சி’ என்ற சொல்லுக்கோ இங்கே இன்னும் கசப்பான பொருளொன்று உண்டு. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிலிருந்து வந்து, வெள்ளவத்தை விடுதி அறைகளில் மாதக்கணக்காகக் காத்திருந்த இளைஞர் பலர், தம் பெற்றோர் காணியை ஈடு வைத்துக் கொடுத்த பணத்தை ‘ஏஜென்சிக்காரர்’ கையிற் கொடுத்துவிட்டு, அவர் தரப்போகும் பயண நாளை எதிர்பார்த்திருந்தார்கள். சிலர் போய்ச் சேர்ந்தனர். சிலர் பணத்தையும் இழந்து ஊர் திரும்பினர்.

இத்தகைய நினைவுள்ள ஓரிடத்தில், உதைபந்தாட்டக்காரருக்கும் முகவர் என்றொருவர் இருக்கிறார், அவர் ஓர் ஆட்டக்காரரை ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்திற்கு மாற்றி வைத்துக் கோடிக்கணக்கில் ஊதியம் பெறுகிறார் என்று கேள்விப்படுவோர் சற்றுத் திடுக்கிடுவது இயல்பே. மனிதரை விற்பதும் வாங்குவதும் உண்டோ என்ற வினா உடனே எழும். அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் இத்தொழில் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தில் உதைபந்தாட்ட லீக் 1888இல் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒரு கழகத்தில் பெயர் பதிந்த ஆட்டக்காரர் அக்கழகத்தின் சம்மதமின்றி வேறு கழகத்துக்கு ஆட முடியாது என்ற விதி நிலைபெற்றது. ஒப்பந்த காலம் முடிந்த பின்பும் அவரைக் கழகம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். விடுவதானால் விலை கேட்கலாம். இவ்வாறு மாற்றுக் கட்டணம் என்னும் வழக்கம் பிறந்தது. 1905இல் அல்ஃப் கொமன் என்பவர் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுணுக்கு மாறியபோது, ஓர் ஆளுக்கு இவ்வளவு பணமா என்று பத்திரிகைகள் கண்டித்தன. 1928இல் டேவிட் ஜாக் போல்ற்றனிலிருந்து ஆர்சனலுக்கு 10,890 பவுணுக்கு வந்தார். அந்தப் பேரத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆர்சனலின் முகாமையாளர் ஹேர்பட் சாப்மன், பேச்சு நடந்த ஹோட்டலின் பரிசாரகரை முன்கூட்டியே தனியே அழைத்து, விருந்தினருக்கு மதுவை இரட்டிப்பாக ஊற்றும்படியும், தமது கோப்பையில் மதுவே சேர்க்க வேண்டாமென்றும் சொல்லி வைத்தாராம். மாலை முடிவதற்குள் விலை படிந்துவிட்டது.

இக்கதையிற் கவனிக்கத்தக்கது சாப்மனுடைய சாமர்த்தியமன்று. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கழகத்தினர். ஆட்டக்காரருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவருடைய ஊதியத்துக்கோ ஓர் உச்சவரம்பு இருந்தது. 1961 ஜனவரியில் அவ்வரம்பு நீக்கப்பட்டபோது அது கிழமைக்கு 20 பவுண். ஐம்பதினாயிரம் பேர் பணம் கொடுத்துப் பார்க்க வரும் ஆட்டக்காரர், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைவிடச் சிறிதே கூடுதலாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் என்பவர் நியூகாசில் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பிடித்து வைத்திருப்பது நியாயமற்ற தொழில்தடை என்று நீதியரசர் வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி, பெல்ஜிய நாட்டவரான ஜோன் மார்க் பொஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. ஒப்பந்த காலம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாற்றுக் கட்டணம் எதுவுமின்றிச் செல்லலாம் என அது விதித்தது. பொஸ்மனுக்கு அத்தீர்ப்பினால் அதிகம் கிடைக்கவில்லை. அவருடைய ஆட்டக் காலம் வழக்கிலேயே கழிந்துபோயிற்று. பயனை அடைந்தவர்கள் பின்வந்த ஆட்டக்காரரும் அவர்தம் முகவருமே.

விற்கப்படுவது மனிதரா என்ற வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஒப்பந்தம் முடிவதற்கு முன் ஒரு கழகம் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதற்குப் பெறும் ஈடே மாற்றுக் கட்டணம். ஆட்டக்காரர் சம்மதித்துக் கையொப்பமிட்டாலன்றி அது செல்லாது. 2017இல் பிரேசில் நாட்டவரான நெய்மாருக்காகப் பரிஸ் கழகம் பார்சிலோனாவுக்குக் கொடுத்த 222 மில்லியன் யூரோவும் இவ்வகையைச் சேர்ந்ததே. அக்கையொப்பத்துக்கு விலை உண்டு என்பதை ஆட்டக்காரர் உணர்ந்த நாளில்தான் முகவருக்கு வேலை வந்தது.

இனி முகவரின் கதைக்கு வருவோம். அது வேடிக்கையாக ஒரு பெட்டியிலிருந்து தொடங்குகிறது. டெனிஸ் கொம்ப்டன் என்ற பெயரை இலங்கையிற் துடுப்பாட்ட அபிமானிகள் அறிவர். 1947ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 சதங்களுடன் 3,816 ஓட்டங்கள் எடுத்தவர். போர்க்காலத்தில் இந்தியாவிலே ஹோல்கார் அணிக்காக ரஞ்சிக் கிண்ண இறுதி ஆட்டத்தில் ஆடியவர். அவரே குளிர்காலத்தில் ஆர்சனலுக்காக உதைபந்தும் ஆடினார். கணக்கு வழக்கில் அவர் மிகவும் அசட்டை. தமக்கு வந்த கடிதங்களைப் பிரித்தும் பாராமல் ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருந்தார். நண்பரான பத்திரிகையாளர் ஒருவர் அப்பெட்டியைக் கண்டு, பாக்னல் ஹார்வி என்பவரிடம் அதனை ஒப்படைக்கச் செய்தார். ஹார்வி பிரித்துப் பார்த்தபோது, வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதினால் ஆண்டுக்கு 2,000 பவுண் தருவதாக ஒரு பெரிய பத்திரிகை எழுதிய கடிதம் கிடைத்தது. அதே பெட்டியில் இன்னும் சற்றுக் கீழே, பதில் வராமையால் அவ்வேற்பாட்டைக் கைவிடுவதாக அதே பத்திரிகை எழுதிய மற்றொரு கடிதமும் கிடைத்தது. அன்றுமுதல் கொம்ப்டனுடைய காரியங்களை ஹார்வி கவனித்தார். பிறில்கிறீம் விளம்பரத்திற் கொம்ப்டனின் முகம் எங்கும் பரவியது அவருடைய முயற்சியாலேயே.

ஹார்வி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டார். கழகம் விட்டுக் கழகம் மாற்றி வைக்கவில்லை. அதனைத் தொழிலாகவே செய்த முன்னோடி ஜீஜி பெரொனாச்சே என்னும் இத்தாலியர். தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மாகாணத்தில் 1925இல் பிறந்தவர். போரின்போது அங்கு வந்த பிரித்தானியப் படைவீரருடன் பழகியும் பந்தாடியும் ஆங்கிலம் கற்றார். அம்மொழியறிவே அவருக்கு முதலாயிற்று. தூரின் நகரின் யுவென்டஸ் கழகத்திற்குப் பிரித்தானியப் பயிற்றுநர் வந்தபோது மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். இத்தாலியக் கழகங்களிடம் பணமிருந்தது. பிரித்தானியாவில் திறமையான ஆட்டக்காரர் இருந்தனர். இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அறியார். நடுவில் நின்று இரு மொழியும் பேசத்தக்கவராகப் பெரொனாச்சே விளங்கினார்.

1957இல் அவர் நடத்தி முடித்த பேரம் இன்றும் பேசப்படுகிறது. ஜோன் சார்ள்ஸ் வேல்ஸ் நாட்டவர். லீட்ஸ் கழகத்தின் உயிர்நாடி. லீட்ஸ் மைதானத்தின் மேற்கு மேடை முந்திய ஆண்டு செப்டெம்பரில் தீயில் எரிந்து போயிருந்தது. கழகத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. யுவென்டஸின் இளந்தலைவர் உம்பெர்த்தோ அன்யெல்லி தாமே லீட்ஸுக்கு வந்தார். சார்ள்ஸ் தரப்பில் பேச, முகவர் ஒருவரோடு பிபிசி வானொலி, தொலைக்காட்சி வருணனையாளர் கெனத் வூல்ஸ்ரன்ஹோமும் உடனிருந்தார். 65,000 பவுண் என்று விலை முடிந்தது. பிரித்தானியக் கழகமொன்று அதுவரை பெற்றிராத தொகை. ஆட்டக்காரருக்கோ கையொப்பமிட்டமைக்காக 10,000 பவுண் கிடைத்தது. இங்கிலாந்திலே அதே கையொப்பத்துக்கு விதி அனுமதித்த தொகை வெறும் 10 பவுண்! முகவர் எதற்கு என்று கேட்பவர்கள் இவ்விரு எண்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

சார்ள்ஸ் முதற் பருவத்திலேயே 28 கோல்கள் போட்டார். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை யுவென்டஸ் இத்தாலியச் சாம்பியனாயிற்று. இத்தாலிய மக்கள் அவரை ‘நல்ல பூதம்’ என்ற பொருள்படும் செல்லப்பெயரால் அழைத்தனர். ஆயின் பெரொனாச்சே அழைத்துச் சென்றவர்கள் எல்லாரும் இவ்வாறு வேரூன்றவில்லை. 1961இல் அவர் மிலானுக்குக் கொண்டு சென்ற ஜிம்மி கிறீவ்ஸ், அங்குள்ள கட்டுப்பாடு பிடியாமல் அவ்வாண்டு முடியுமுன்பே இங்கிலாந்து திரும்பினார். டொரினோவுக்குச் சென்ற டெனிஸ் லோவும் ஜோ பேக்கரும் ஒரு கார் விபத்திற் சிக்கினர். லோ ஓராண்டில் மன்செஸ்ரர் யுனைட்டெட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் திரும்பி வரும்போதும் இன்னொரு கட்டணம் கைமாறியது. பேரம் முடிந்தால் முகவர் தம் பங்கைப் பெறுவார். அதன்பின் அயல்நாட்டின் தனிமையை அனுபவிப்பவர் ஆட்டக்காரரே. பெரொனாச்சேயை அறிந்தோர் அவரைப் பொதுவாக அன்புடனேயே நினைவுகூர்கின்றனர். ஆயினும் தொழிலின் இந்த இயல்பை அவருடைய நற்குணமும் மாற்றிவிடவில்லை. 1980இல் லியம் பிரேடியை ஆர்சனலிலிருந்து யுவென்டஸுக்கு மாற்றியதே அவருடைய கடைசிப் பெரும் பேரம். அவ்வாண்டு டிசம்பரில், இத்தாலியத் தேசிய அணிக்குப் பணியாற்றிக்கொண்டிருக்கையில், மாரடைப்பால் காலமானார்.

பின்வந்தவர்கள் பலவாறான வாழ்க்கையிலிருந்து வந்தனர். மீனோ ராயோலா ஹொலந்து நாட்டிலே தந்தையாரின் உணவுச்சாலையிற் பரிமாறிக்கொண்டிருந்தவர். 2016இல் போல் பொக்பாவை 105 மில்லியன் யூரோவுக்கு மன்செஸ்ரருக்கு மாற்றிய பேரத்தை நடத்தினார். போர்த்துக்கல் நாட்டவரான ஜோர்ஜ் மென்டெஸ் வீடியோப் பிரதி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். 1996இல் நூனோ என்ற கோல் காப்பாளரை ஸ்பெயினுக்கு மாற்றியதுடன் தொடங்கி, பிற்காலத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் முகவரானார். இவர்களுக்குப் பட்டமோ பரம்பரைச் சொத்தோ மூலதனமாக இருக்கவில்லை. பல மொழி பேசும் ஆற்றலும், யாரிடம் யார் எதைத் தேடுகிறார் என்பதைப் பிறர் அறியுமுன் அறிந்துகொள்ளும் மோப்பமுமே மூலதனம்.

இத்தொழிலைச் செய்வோர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா 1990களில் விதித்தது. சுவிஸ் வங்கியிற் பெருந்தொகை ஈடு கட்ட வேண்டுமென்றும் அக்காலத்தில் இருந்தது. 2015 ஏப்ரலில் அம்முறையையே கைவிட்டு, ‘இடையாள்’ என்று பதிந்துகொண்டாற் போதும் என்றது. பரீட்சை இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. அதன் விளைவு யாவரும் எதிர்பார்த்ததே. எட்டு ஆண்டுகளின் பின் பழைய வழிக்கே திரும்ப நேரிட்டது. புதிய முறையின் முதற் பரீட்சை 2023 ஏப்ரல் 19ஆம் திகதி நடைபெற்றது. 20 வினாக்கள், ஒரு மணித்தியாலம், நூற்றுக்கு 75 புள்ளி பெற்றாற் தேர்ச்சி. எழுதியோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே தேறினர். அனுமதிப்பத்திரம் தனி மனிதருக்கே வழங்கப்படும், கம்பனிக்கு அன்று. ஆட்டக்காரருடன் செய்யும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. தானாகப் புதுப்பிக்கப்படவும் கூடாது.

ஊதியத்துக்கும் வரம்பு வகுத்தார்கள். ஆட்டக்காரர் ஆண்டொன்றுக்கு 2 இலட்சம் டொலர் வரை உழைப்பாராயின் அதில் நூற்றுக்கு 5. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 3. விற்கும் கழகத்துக்காகப் பேசும் முகவருக்கு மாற்றுக் கட்டணத்தில் நூற்றுக்கு 10. பெரிய முகவர்கள் இதனை ஒப்பவில்லை. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர நீதிமன்றம் தடை விதித்தது. 2023 டிசம்பர் இறுதியில் பீஃபா இவ்வரம்பு உள்ளிட்ட பல விதிகளை உலகெங்கும் நிறுத்திவைத்தது. விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. சண்டை எதற்கு என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் கழகங்கள் சர்வதேச மாற்றங்களுக்காக முகவர்களுக்குக் கொடுத்த தொகை 88 கோடி டொலருக்கு மேல்.

இவ்வளவும் ஐரோப்பாவின் கதை; கொழும்பில் இதற்கென்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். இலங்கை ஆட்டக்காரர் கடல் கடந்து ஆடியது புதிதன்று. 1980களில் பக்கீர் அலி டாக்கா நகரின் அபாஹனி கழகத்தில் ஆடி, வங்காள தேசத்து மக்களின் பேரபிமானத்தைப் பெற்றார். தேசிய அணியின் கோல் காப்பாளரான சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களில் ஆடினார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் ஆட்டக்காரர் தோன்றியுள்ளனர். சுவீடனிற் பிறந்த ஆதவன் ராஜமோகன் இலங்கைத் தேசிய அணிக்கு ஆடினார். வேல்ஸிற் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்திற் சேர்ந்து, அந்நாட்டுத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் முதற் தமிழராகப் பேசப்பட்டார். இச்செய்திகள் பத்திரிகைகளில் வந்த பின்னர், கொட்டாஞ்சேனையிலும் பாமன்கடையிலும் மாலையில் பந்துதைக்கும் சிறுவர் கண்ணில் ஓர் ஆசை தோன்றாதிருக்குமா? அது நல்ல ஆசையே. ஆசை இருக்கும் இடத்தைத் தேடி ஏமாற்றுக்காரரும் வருவர் என்பதே கவலைக்குரியது.

அவர்கள் வரும் முறை நாடுதோறும் ஒன்றுபோலவே இருக்கிறது. மைதான ஓரத்தில் ஒருவர் நின்று பார்ப்பார். பையனுடைய இடக்காலைப் புகழ்வார். ஐரோப்பாவில் ஒரு கழகம் சோதனை ஆட்டத்துக்கு அழைக்கிறது என்று கடிதம் ஒன்றைக் காட்டுவார். விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் ‘பதிவுக்கும்’ என்று இலட்சக்கணக்கில் பணம் கேட்பார். ஆபிரிக்க நாடுகளிலிருந்து இவ்வாறு கொண்டுவரப்பட்டுப் பரிஸ் நகரத் தெருக்களிற் கைவிடப்பட்ட சிறுவரைக் கண்டு மனம் பொறாத கமரூன் நாட்டு முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், அவர்களுக்கு உதவவென 2000ஆம் ஆண்டிற் ‘ஃபுட் சொலிடேர்’ என்ற நிறுவனத்தை அமைத்தார். கொடுமை ஐரோப்பாவோடு நிற்கவில்லை. லாவோஸ் நாட்டின் சம்பசாக் யுனைட்டெட் கழகத்துக்கு மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வயதுவராத 23 பேர், பதிவு செய்யப்படாத ஒரு பயிற்சிக்கூடத்தின் பெயரால் கொண்டுவரப்பட்டிருந்ததை 2015இல் பிபிசி வெளிப்படுத்தியது.

ஆதலின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை சில உள. பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதைப் பீஃபா விதி தடுக்கிறது. பெற்றோர் உதைபந்தாட்டம் சாராத காரணத்துக்காக அந்நாட்டிற் குடியேறுவது போன்ற சில விலக்குகளே உண்டு. எனவே பதினாறு வயதுப் பையனை இத்தாலிக்கோ துருக்கிக்கோ அனுப்பி வைக்கிறேன் என்பவர், ஒன்றில் விதியை அறியாதவர். அல்லது அறிந்தே பொய் சொல்பவர். வயதுவராதவரை முகவர் அணுகுவதற்கும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரின் பெயர் பீஃபாவின் பகிரங்கப் பட்டியலில் இருக்கும். அதனைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கழகம் ஒன்று உண்மையிலேயே அழைத்ததா என்பதை அக்கழகத்துக்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். முகவரின் ஊதியம் ஆட்டக்காரர் பெறும் ஊதியத்திலிருந்து, அதைப் பெறத் தொடங்கிய பின்பே வருவது. பையன் ஒரு சதமும் உழைக்குமுன் பணம் கேட்பவர் செய்வது வேறு தொழில்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது கழகங்களைப் பற்றியது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்த காலத்தினிடையே கட்டணத்துக்கு வேறு நாட்டுக் கழகமொன்றுக்கு மாறும்போதெல்லாம், அக்கட்டணத்தில் நூற்றுக்கு 5, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணத்தில் நூற்றுக்குக் கால். அதன் பின்னர் ஒவ்வொரு பருவத்துக்கும் நூற்றுக்கு அரை. கொட்டாஞ்சேனையின் ரினோன், கொம்பனித்தெருவின் ஜாவா லேன் போன்ற கழகமொன்று ஒரு பையனை 12 வயதிலிருந்து 18 வயதுவரை ஏழு பருவம் பதிந்து பயிற்றியிருந்தால், அவன் பிற்காலத்தில் 10 இலட்சம் டொலருக்கு மாறும்போது அக்கழகத்துக்கு 25,000 டொலர் சேர வேண்டும். ஒரு சிறு கழகத்துக்கு அது பந்துகளும் சப்பாத்துகளும் வாங்கவும், பயிற்றுநர் ஒருவரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கவும் போதிய பணம்.

ஆயின் அப்பணம் பதிவேட்டைப் பார்த்தே வரும். பையன் எந்த ஆண்டு எந்தக் கழகத்திற் பதிந்திருந்தான் என்பது அவனுடைய ஆட்டக் கடவுச்சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டிலே பெரும்பாலான சிறுவர் பாடசாலையிலேயே பந்தாடிப் பழகுகின்றனர். விதியின் கண்ணிற் பாடசாலை ஒரு கழகமன்று. அங்கே கழிந்த ஆண்டுகளுக்குப் பாடசாலை பங்கு கேட்க முடியாது. பாடசாலையில் ஆடும் பையனின் பெயரை 12 வயதிலேயே அயலிலுள்ள கழகமொன்றிலும் முறைப்படி பதிந்து, சங்கத்தின் ஏட்டில் ஏற்றி வைப்பதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. ஒரு படிவமும், பிறப்புச் சான்றிதழின் பிரதியும், அவற்றை எடுத்துச் சென்று கொடுக்கப் பொறுப்புள்ள ஒருவரும் வேண்டும்.